கொம்பின் வயது

அழகுராஜாவுக்கு நல்ல பாம்பைக் கண்டால் பயம் கிடையாது. வரப்பில் எதிரே வந்தால், "நீ போ தாயி" என்று ஒதுங்கி வழிவிட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். இடிக்கும் பயப்பட மாட்டார், இருட்டுக்கும் பயப்பட மாட்டார். ஆனால் பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற மனிதர் யாராவது தெருவுக்குள் வந்துவிட்டால் போதும், கொல்லைப்புறமாக வயலுக்கு நழுவிவிடுவார். சுந்தரபாண்டியத்தில் அவருடைய சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பட்டாளத்திலும் போலீசிலும் இருக்கிறார்கள். அவர் மட்டும் விவசாயத்தைக் கட்டிக்கொண்டு கிடப்பதற்குக் காரணம் மண்மேல் வைத்த பாசம் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். பாசமும் இல்லை, கீசமும் இல்லை. மண் கேள்வி கேட்காது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட மனிதருக்குப் பிறந்த பானுப்பிரியா போலீஸ் வேலைக்குத் தேறியிருந்தாள். காலையில் முதல் பஸ் ஏறி இராஜபாளையம் மைதானத்துக்குப் போய் ஓடி, தாண்டி, குண்டு எறிந்து, கால் வீங்கி, எழுத்துத் தேர்விலும் பாஸாகி, கடைசியில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து வீட்டைப் பற்றி விசாரித்து, இந்தக் குடும்பத்தின்மேல் வழக்கு, வம்பு எதுவும் இல்லை என்று எழுதி அனுப்ப வேண்டும். அப்பன்மேல் வழக்கு இருந்தால் மகளுக்கு வேலை கிடைக்குமா, கிடைக்காதா என்பது அழகுராஜாவுக்குத் திட்டமாகத் தெரியாது. யாரிடமாவது கேட்கலாம், ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டுவிட்டால் என்ன செய்வது? தன்னால் பிள்ளை வாழ்க்கை கெட்டுவிடக் கூடாது என்று பக்கத்து வயல்காரனோடு இருந்த வரப்புத் தகராறில்கூட விட்டுக்கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தானா அவர் தென்னங்கன்று வைக்க வேண்டும்? ஜேசிபியை வரவழைத்துக் குழி எடுத்தார். ஓட்டியவன் சோழபுரத்துப் பெனின். ஆளுயர ஆழத்துக்கு எடுத்த ஒரு குழியிலிருந்து மண்ணோடு மூன்று துண்டுகள் வெளியே வந்து விழுந்தன. பழுப்பேறி, கல்மாதிரி கனத்து, ஒவ்வொன்றும் ஒரு முனையில் கூராக இருந்தன.

பெனின் இறங்கி வந்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தான். "அண்ணாச்சி, இது மான் கொம்புல்லா! முனையைப் பாருங்க, யாரோ சீவி வச்சிருக்காக. ஆதிமனுசன் ஆயுதமா இருக்கும். அந்தக் காலத்துல இரும்பு ஏது?"

"ஏலே, எதுவா வேணா இருக்கட்டும். வெளிய சொல்லிராத."

"நான் யார்ட்ட அண்ணாச்சி சொல்லப் போறேன்?"

பெனின் யாரிடமும் சொல்லவில்லை. போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்ததோடு சரி.

அழகுராஜா கொம்புகளைத் தோள்துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மண்ணுக்குள்ளிருந்து எது வந்தாலும், அது சாமியா சனியனா என்று முடிவாகும்வரை மஞ்சள் தண்ணீரில் கழுவிக் குங்குமம் வைத்துவிடுவது அந்த வீட்டு வழக்கம். சாமியாக இருந்தால் கோபித்துக்கொள்ளாது, சனியனாக இருந்தால் சமாதானமாகிவிடும். அவர் மனைவி வெங்கடேஸ்வரி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. குங்குமத்தைக் குழைத்து மூன்று கொம்புக்கும் அடி முதல் நுனிவரை அப்பி, பூஜை அலமாரியில் முருகனுக்கும் முனியாண்டிக்கும் நடுவில் சாத்தி வைத்தாள்.

ஸ்டேட்டஸ் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்கு மேல்மாடியில், "ஐயத்திற்குரிய தொல்பொருள்களை இனங்காணும் கூட்டுக் குழு" என்று ஒரு பலகை தொங்கியது. எந்தக் காலத்திலோ, எந்த அமைச்சருக்கோ, எதன்மீதோ ஐயம் வந்ததால் ஏற்படுத்தப்பட்ட குழு அது. ஐயப்பட்ட அமைச்சர் போய்விட்டார், குழு இருந்தது. மாதம் தவறாமல் கூடியது. கீழே பால் சுண்டுகிற வாசனை மேலே வரும். கூட்டம் முடியும்போது கால் கிலோ வீதம் உறுப்பினர்களுக்கு வந்துவிடும். இத்தனை காலத்தில் குழு எந்தப் பொருளையும் இன்னது என்று இனங்கண்டதில்லை. முன்பு யாரோ கொண்டுவந்து கொடுத்த கல் ஒன்று, கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. அது கற்காலக் கோடரியாக இருக்கலாம் என்பது குழுவின் இடைக்கால முடிவு. கதவுக்கு நன்றாகவே இருந்தது.

ஒரு முற்பகலில் அந்தக் குழு முழுதாக ஜீப்பில் வந்து அழகுராஜா வீட்டு வாசலில் இறங்கியது. தலைவர் வைகுண்டராஜ், வருவாய்த்துறையிலிருந்து வந்தவர். எலும்பும் தெரியாது, கல்லும் தெரியாது, கூட்டம் நடத்தத் தெரியும். நிபுணர் முனைவர் தேவஇரக்கம், சட்டைப் பையில் பூதக்கண்ணாடியோடு வந்தார். மூன்றாவது ஆள் வனத்துறை உறுப்பினர் சங்கிலிப்பாண்டி. மீசையும் பெல்ட்டும் அவர்தான் என்று தூரத்திலேயே சொல்லிவிடும்.

அழகுராஜா இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நல்லவேளை, பானுப்பிரியா ஏதோ சான்றிதழ் வாங்க வெளியே போயிருந்தாள்.

"எங்கய்யா கெடச்சது?" என்றார் சங்கிலிப்பாண்டி.

"மண்ணுக்குள்ள சார். தென்னங்குழியில."

"மான் மண்ணுக்குள்ளயாய்யா இருக்கும்?"

"இருக்காது சார்."

"அப்பொறம்?" சங்கிலிப்பாண்டி வாசலில் படுத்திருந்த வெள்ளை நாயைப் பார்த்தார். "இது இராஜபாளையம் நாயில்ல? வேட்டைக்கு நல்லா வருமோ?"

"சார், அது அடுப்படிப் பூனைக்கே பயப்படும்."

"நாயி யாருக்குப் பயப்படுதுன்னு நாங்க பாத்துக்கிடுதோம். இந்தா, நல்லாக் கேட்டுக்கோங்க. இது அந்தக் காலத்து ஆயுதம்னு முனைவர் சார் சொல்லிட்டாருன்னா, எங்களுக்கு இதுல வேலை இல்ல. ஆயுதம் இல்லன்னா இது வெறும் கொம்பு. வெறும் கொம்பு வீட்ல இருந்தா நீங்க உள்ள. லேசுல ஜாமீன் கெடைக்காது."

அழகுராஜா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையைக் கட்டினார். "மான் தானா உதுத்துட்டுப் போன கொம்பா இருக்கும்லா சார்? வருசா வருசம் உதுக்குமாமே."

"உதுக்கும். ஆனா கவருமெண்டுக்குச் சொந்தமாத்தான் உதுக்கும்."

இதற்குள் முனைவர் தேவஇரக்கம் கொம்புகளைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒன்றை மட்டும் தூக்கிப் பிடித்தார். பூதக்கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோனார்.

"தலைவர் அவர்களே! செந்நிறப் பூச்சு! அடி முதல் நுனிவரை! இது செங்காவி. இறந்தவர்களோடு புதைக்கும் கருவிகளுக்குப் பூசியிருக்கிறார்கள். ஈமச்சடங்கு!" முகர்ந்து பார்த்தார். "ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு மெல்லிய மணம் இருக்கிறது. மூலிகை கலந்திருக்கிறார்கள்."

வெங்கடேஸ்வரி வாயைத் திறந்தாள். "சார், அது நாந்தான்..."

அழகுராஜா அவள் காலை ஓங்கி மிதித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளை ஒரு சொல் கடிந்து பேசாத மனிதர் அவர். அவள் வலியைவிட ஆச்சரியத்தில் வாயை மூடிக்கொண்டாள்.

"அம்மா ஏதோ சொல்ல வந்தார்களே?" என்றார் தலைவர்.

"காப்பி போடவான்னு கேக்கா சார்."

அரசாங்கத்திடம் அழகுராஜா மறைத்த முதல் விஷயம் அதுதான். குங்குமத்தைச் சொன்னால் கொம்பின் பழமை போய்விடும். பழமை போனால் வழக்கு வரும். வழக்கு வந்தால் மகள் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் அது ஒரு தனிக் குற்றமோ என்னவோ. எந்தப் பக்கம் பார்த்தாலும் அவருக்கு ஜெயில் கதவுதான் தெரிந்தது.

தென்னங்குழிகளைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார்கள். கொம்புகளைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டார்கள். கூப்பிடும்போதெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஜீப் தெருமுனை தாண்டியதும் வெங்கடேஸ்வரி காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "ஏங்க, இதெல்லாம் பானுட்டச் சொல்லுவோம். அவ படிச்சவ."

"ஏட்டி, வாயத் தொறந்தே... நான் கிணத்துல விழுந்துருவேன். அவளுக்கு ஒண்ணும் தெரியக் கூடாது. நாளைக்கு விசாரணைக்கு வாரவுக கேட்டா, தெரியாதுன்னு அவ நெசமாச் சொல்லணும்லா?"

கூப்பிட்டார்கள். அழகுராஜா வெள்ளை வேட்டி உடுத்தி, ஆண்டாளைக் கோபுர வாசலிலிருந்தே கும்பிட்டுவிட்டு மாடிப்படி ஏறினார். எதிரே யாராவது இறங்கி வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.

அன்றைக்கு நடக்க வேண்டியது பயன்பாட்டு மீள்நிகழ்வு என்று தேவஇரக்கம் விளக்கினார். கருவி என்றால் அதைப் பிடித்த கை வேண்டும். ஆதிமனிதனின் கை கிடைக்காது. ஆனால் அதே மண்ணில் பாடுபடுகிற கை ஒன்று கைவசம் இருக்கிறது. மொட்டை மாடியில் ஒரு வாளி நிறையச் செம்மண் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

"சட்டையைக் கழற்றிவிடுங்கள்" என்றார் தேவஇரக்கம். "படம் எடுக்கிறோம். ஆதிமனிதனுக்குக் காலர் இருந்திருக்காது."

அழகுராஜா கழற்றினார்.

"கைக்கடிகாரமும்."

அதையும் கழற்றினார். உச்சிவெயிலில் வேட்டியை மடித்துக்கட்டிக் குத்தவைத்து, ஒரு கொம்பை விரல் நுனியால் பிடித்து, வாளி மண்ணை மெதுவாகக் கீறினார். கொம்பு உடைந்துவிட்டால் அதற்கு வேறு வழக்குப் போடுவார்களோ என்று பயம். ஒரு கீறல் கீறிவிட்டு நிபுணர் முகத்தைப் பார்ப்பார், பிறகு அடுத்த கீறல்.

தேவஇரக்கம் சொல்லச் சொல்லக் குழுவின் தட்டச்சர் எழுதிக்கொண்டார். "ஆதிமனிதன் மிகுந்த தயக்கத்துடன் மண்ணைத் தோண்டினான். ஒவ்வொரு தோண்டலுக்குப் பிறகும் தலையை உயர்த்திச் சுற்றிலும் பார்த்தான். கொடிய விலங்குகள் குறித்த அச்சம் அவனுக்கு இருந்திருக்கிறது."

பிறகு அதே கொம்பால் ஓர் ஆட்டுத்தோலைச் சுரண்டச் சொன்னார்கள். ஒரு தேங்காயை உரிக்கச் சொன்னார்கள். கடைசியில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைப் பாறையாக நினைத்துக்கொண்டு அதில் ஒரு மாட்டின் உருவம் கீறச் சொன்னார்கள். அழகுராஜா கீறிய மாடு பன்றி மாதிரி வந்தது. அதையும் படம் எடுத்துக்கொண்டு, காட்டுப்பன்றி என்று எழுதிக்கொண்டார்கள். மண்ணிலும் தோலிலும் தேய்ந்து குங்குமம் போன இடம் தெரியவில்லை. மற்ற இரண்டிலும் இருந்ததை முன்பே மாதிரிக்கென்று சுரண்டி எடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் நிழலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த சங்கிலிப்பாண்டி எழுந்து வந்தார். கொம்பை வாங்கி முனையைத் தடவினார்.

"சார், இது கருவிதான். நான் ஒத்துக்கிடுதேன். பாருங்க, முனையில தேய்மானம் இருக்கு, கீறல் இருக்கு."

அழகுராஜாவுக்கு உயிர் வந்தது.

"ஆனா எல்லாம் இன்னைக்கு விழுந்த கீறல். இதை வச்சு மண்ணைத் தோண்டுனது, தோலைச் சுரண்டுனது, தேங்கா உரிச்சது எல்லாம் இவருதான். நாம இத்தனை பேரும் கண்ணால பாத்திருக்கோம். போட்டோவும் இருக்கு. மான் கொம்பைக் கையில வச்சுப் பயன்படுத்துனதுக்கு இதைவிடச் சாட்சி என்னத்துக்கு?"

தேவஇரக்கம் யோசித்தார். நியாயமான மனிதர். "ஆய்வுப்படி அதை மறுக்க முடியாது" என்றார்.

அழகுராஜா சட்டையில்லாமல் தலைவர் முன்னால் போய் நின்று கையைக் கூப்பினார். "சார், நெலத்தை வேணா நீங்களே எடுத்துக்கிடுங்க. தென்னையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். இது பழசுன்னு மட்டும் ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துருங்க. எம்மகளுக்குப் போலீஸ் வேலை வந்திருக்கு. விசாரணைக்கு இன்னைக்கோ நாளைக்கோ ஆள் வாராக. எம்பேர்ல வழக்குன்னு வந்துட்டா அவ பட்ட பாடெல்லாம் மண்ணாப் போயிரும் சார்."

வைகுண்டராஜ் அவரை அன்போடு பார்த்தார். உள்ளே அழைத்துப்போய் உட்காரச் சொன்னார். அழகுராஜா உட்காரவில்லை.

"உங்கள் உணர்வை நான் மதிக்கிறேன்" என்றார் தலைவர். "ஆனால் ஒரு பொருளைப் பழசு என்று சொல்வதில் உள்ள பொறுப்பை நீங்கள் உணர வேண்டும். பழசு என்று சொல்லிவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும். ஐயம் தீர்ந்துவிட்டால் ஐயத்திற்காக ஏற்பட்ட குழுவை அரசு கலைத்துவிடும். கலைக்கப்பட்ட குழு சொன்ன சொல்லுக்கு மதிப்பு இருக்குமா? இருக்காது. ஆக, நாங்கள் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால் நாங்கள் சொல்லாமல் இருக்க வேண்டும். இதைத்தான் நான் என் சார்நிலை அலுவலர்களுக்கும் சொல்லி வருகிறேன். முப்பது ஆண்டுப் பணியில் என் ஒரு முடிவைக்கூட மேலிடம் தவறு என்று சொன்னதில்லை. நான் எடுத்தால்தானே?"

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். அழகுராஜாவும் தட்ட வேண்டுமோ என்று பயந்து லேசாகத் தட்டினார்.

அடுத்தபடியாக ஒப்பாய்வு என்று முடிவாயிற்று. கிடைத்த கொம்பு பழையதா என்று தெரிய வேண்டுமானால், பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்தக் காலத்துக் கொம்பு ஒன்று வேண்டும். அதற்கு எங்கே போவது என்று தலைவர் கேட்டார். சட்டப்படி நாட்டில் யாரிடமும் மான் கொம்பு இருக்க முடியாது என்றார் சங்கிலிப்பாண்டி. உண்மைதான் என்றார் தேவஇரக்கம். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"பெயர் சொல்ல வேண்டியதில்லை" என்று தலைவர் மெல்ல ஆரம்பித்தார். "தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் யாரிடமாவது, அறிவியல் நோக்கில்..."

மறுவாரமே கூடிய சிறப்புக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு மஞ்சப்பை கையில் இருந்தது.

தலைவர் தன் மாமனார் வீட்டுச் சுவரில் சட்டை மாட்டுவதற்கென்று பலகையில் பதித்திருந்த மூன்று கொம்புகளைத் திருகாணியோடு கழற்றி எடுத்து வந்திருந்தார். தேவஇரக்கத்தின் பையில் ஒரு கத்திப் பிடியும் பாட்டனார் காலத்துக் கைத்தடித் தலையும் இருந்தன. சங்கிலிப்பாண்டியின் பையில் இருந்த, அவர் அம்மா நெஞ்சுவலிக்கு உரசிப் போடுகிற துண்டு உரசி உரசிப் பாதியாகியிருந்தது. யாரும் கேட்காமலே ஜீப் ஓட்டுநரும் தட்டச்சரும் ஆளுக்கொன்று கொண்டுவந்திருந்தார்கள். வீட்டில் வைத்திருக்கப் பயமாக இருக்கிறது, ஆராய்ச்சிக்காவது ஆகட்டும் என்றார் தட்டச்சர். எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி, நடுவில் அழகுராஜாவின் மூன்றையும் வைத்து, குழு குனிந்து ஒப்பிட ஆரம்பித்தது. அழகுராஜா கதவோரம் நின்றார். கால் பக்கத்தில் கற்காலக் கோடரி இருந்தது.

டீயும் பால்கோவாவும் வந்தன. உறுப்பினர்கள் எழுந்து பால்கனிக்குப் போனார்கள். அலுவலகம் கூட்டுகிற சுடலைமாடத்தி, தட்டு வைக்க இடமில்லையே என்று மேசையை ஒழித்துத் துடைத்து வைத்தாள். திரும்பி வந்த தலைவர் வெறும் மேசையைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"அம்மா, இங்கே இருந்த பொருள்கள் எங்கே?"

"அந்தக் கண்றாவியா? எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டுக் கழுவிக் காய வச்சிருக்கேன் சார். ஒரே கவிச்ச வாடை." ஓர் அலுமினியச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் திருகாணிகளைத் தனியாகக் கழற்றிப் போட்டிருந்தாள்.

சட்டிக்குள் கொம்புகள் சுத்தமாக, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. எது மண்ணிலிருந்து வந்தது, எது மாமனார் வீட்டிலிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்தவர்களும் சொல்லவில்லை. இது என்னுடையது என்று யார் கையை நீட்டினாலும், நீட்டிய கையைப் பிடிக்க வேண்டியவர் பக்கத்திலேயே நின்றார். அவர் அம்மாவின் கொம்பும் சட்டிக்குள்தான் கிடந்தது. சங்கிலிப்பாண்டி சட்டியைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சார், நல்லாப் பாத்தா எல்லாமே பழசு மாதிரிதான் எனக்குத் தெரியுது" என்றார்.

"எனக்கும் அப்படித்தான் படுகிறது" என்றார் தலைவர். "முனைவர்?"

முனைவர் தேவஇரக்கம் பூதக்கண்ணாடியை எடுத்தார். "எல்லாம் ஒரே காலத்தவை. இதோ, இந்தத் துளையைப் பாருங்கள். உட்புறம் சுருளாக ஓடுகிறது. திருகு என்னும் தொழில்நுட்பத்தை நம் முன்னோர் அறிந்திருக்கிறார்கள்! உலகம் அறியாத செய்தி இது. இதோ இது மருந்து உரசும் கருவி. அன்றைக்கே மருத்துவம் இருந்திருக்கிறது. சுந்தரபாண்டியத்தில் ஒரு பெரிய கொம்புக்கருவித் தொழிற்கூடமே இருந்திருக்கிறது!"

"வனத்துறைக்கு ஆட்சேபணை இல்லை" என்றார் சங்கிலிப்பாண்டி. யாரும் அவரை அதுவரை கேட்கவில்லை.

குழுவின் வரலாற்றில் முதல் முடிவு அப்படித்தான் எடுக்கப்பட்டது. தட்டச்சர் உடனே அடித்துக்கொண்டு வந்தார். "இதில் கண்ட பதினொரு கருவிகளும் எனக்குச் சொந்தமான நிலத்தில், நான் தோண்டிய குழியில் கிடைத்தவை என்று உறுதி கூறுகிறேன்." கீழே அழகுராஜா கையெழுத்துப் போட வேண்டும்.

அவர் அதை எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார். எண்ணின்மேல் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சார், எனக்குக் கெடச்சது மூணுதான்."

கீழே கடையில் கரண்டி இரும்புச் சட்டியைச் சுரண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மூணுன்னா எந்த மூணு?" என்றார் சங்கிலிப்பாண்டி. குரலில் மிரட்டல் இல்லை, கெஞ்சல் மாதிரி இருந்தது. "எடுத்துக் காட்டுங்க பாப்போம்."

அழகுராஜா சட்டியைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

"பதற்றத்தில் எண்ணிக்கை தவறுவது இயல்பு" என்றார் தலைவர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "மூன்று என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால் விசாரணை முதலிலிருந்து ஆரம்பிக்கும். எத்தனை வருடம் ஆகும் என்று சொல்ல முடியாது. உங்கள் மகள் விஷயம் வேறு இருக்கிறது. பதினொன்று என்றால் இன்றோடு முடிந்தது. உங்கள்மேல் எதுவும் இல்லை என்று ஸ்டேஷனுக்கு நானே பேசிவிடுகிறேன்."

அழகுராஜா பேனாவைக் கையில் வாங்கினார். பொய்க் கையெழுத்து. அதுவும் அரசாங்கத்திடம். அவர் வாழ்க்கையில் பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்குக்கூடப் பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொன்னதில்லை. நாளைக்கு வேறு யாராவது, வேறு ஊரிலிருந்து, உண்மையிலேயே கொம்பு தெரிந்த ஒருவர் வந்து, இதெல்லாம் நேற்றைய கொம்பு என்று சொல்லிவிட்டால்? மூன்று கொம்புக்கு வர வேண்டியது அப்போது பதினொன்றுக்கு வரும்.

"சார்," என்று தேவஇரக்கத்தைப் பார்த்துக் கேட்டார். "உங்களைக் கடவுளா நெனச்சுக் கேக்கேன். இது பழசுதானே?"

முனைவர் பூதக்கண்ணாடியைப் பைக்குள் வைத்தார். "இருக்கலாம்" என்றார்.

மைதானத்திலிருந்து வந்து வீங்கிய காலை வெந்நீர் வாளிக்குள் வைத்துக்கொண்டே பானுப்பிரியா பாடம் படித்தது அழகுராஜாவுக்கு நினைவு வந்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டார். பிறகு எல்லாரும் அவர் தோளைத் தட்டினார்கள். கால் கிலோ பால்கோவாவும் கொடுத்தார்கள்.

தலைவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஸ்டேஷனிலிருந்து வந்தவர் வாசலில் நின்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். பானுப்பிரியாவுக்குப் பயிற்சிக்கு வரச் சொல்லி உத்தரவு வந்தது. வெங்கடேஸ்வரி ஊரெல்லாம் பால்கோவா கொடுத்தாள். அழகுராஜா மட்டும் ஒரு வாய் போட்டுக்கொள்ளவில்லை. மோட்டார் சத்தம் கேட்டால் வாசலைப் பார்த்தார், யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கிட்டார். ஆனாலும் பிள்ளை முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்க்கையில், இதற்காக இன்னும் இரண்டு கையெழுத்து வேண்டுமானாலும் போடலாம் என்றிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொம்புக்கருவிச் செய்தி படத்தோடு பேப்பரில் வந்தது. படத்தில் குழுவினர் வரிசையாக நிற்க, நடுவில் அழகுராஜா மாலையோடு நின்றார். பானுப்பிரியா மூன்று தடவை படித்தாள். பெருமையில் அம்மாவிடம் ஓடிக் காட்டினாள். பிறகு திரும்ப வந்து, பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, குழியில கெடச்சது எம்புட்டு?"

"எதும்மா?"

"கொம்பு. பெனின் அண்ணன் ஸ்டேட்டஸ்ல நான் அன்னைக்கே பாத்தேன். மூணு இருந்துச்சு. இதுல பதினொன்னுன்னு போட்டிருக்கு."

"அது... பொறவு தோண்டுனாகல்லா."

"எப்ப தோண்டுனாக? நாடா கட்டுன நாள்லருந்து அந்தப் பக்கம் ஒரு ஆள் போகலையே."

"நீ மைதானத்துக்குப் போயிருந்தப்ப."

"மைதானத்துக்குப் போறது முடிஞ்சு மாசக்கணக்காச்சேப்பா." அவள் குரலை உயர்த்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. கண்ணை மட்டும் அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை. பிறகு அதே கேள்வியை வேறு பக்கத்திலிருந்து மெதுவாகக் கேட்டாள். "சரி, மூணை விடுங்க. மீதி எட்டு யார்துப்பா?"

அந்தக் கூட்டுக் குழு அத்தனை மாதம் கூடியும் இவ்வளவு நேராக ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. வேலைக்குப் பொருத்தமான பிள்ளைதான், சந்தேகமே இல்லை. அழகுராஜா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் மகள் முன்னால் கையைக் கட்டி நின்றுகொண்டிருந்தார்.